மையநோக்கு முடுக்கத்திலிருந்து சுழற்சி வேகம்: விடை பிசகினால் எங்கே தேடுவது?

வட்டப்பாதையில் சீராகச் சுழலும் ஒரு பொருளின் மையநோக்கு முடுக்கமும் அந்தப் பாதையின் ஆரமும் தெரிந்துவிட்டால், அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை ஒரே வரியில் கணக்கிட்டுவிடலாம். முடுக்கத்தை ஆரத்தால் வகுத்து, வந்த ஈவுக்கு வர்க்கமூலம் எடுத்தால் கோணத் திசைவேகம் (ஒரு வினாடியில் சுழலும் கோணம்) கிடைக்கும். வரி ஒன்றுதான் என்றாலும், நடைமுறையில் அதைச் சுற்றி நான்கு அலகு மாற்றங்கள் இருக்கின்றன: ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு) என்று தரப்பட்ட முடுக்கத்தை மீ/வி² ஆக்க வேண்டும், செ.மீ. ஆரத்தை மீட்டராக்க வேண்டும், கோண அலகான ரேடியனைச் சுற்றாக (ஒரு சுற்று 2π ரேடியன்) மாற்ற வேண்டும், வினாடியை நிமிடமாக்க வேண்டும். பிழைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில்தான் பிறக்கின்றன.

இந்தக் கணக்கில் நேரும் பிழைகள் தாறுமாறானவை அல்ல என்பது நமக்கு வாய்த்த பெரிய வசதி. ஒவ்வொரு பிழையும் விடையை ஒரு குறிப்பிட்ட மடங்கால் கூட்டும் அல்லது குறைக்கும். ஆகையால் சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்ப்பதைவிட, வந்த விடைக்கும் வந்திருக்க வேண்டிய விடைக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பிழையை அடையாளம் காண்பதே விரைவான வழி. அதற்குச் சரியான விடை முன்கூட்டியே தெரிந்த ஓர் உரைகல் தேவை.

உரைகல்லாக ஒரு கணக்கு

மருத்துவ ஆய்வகங்களிலும் உயிரியல் ஆய்வகங்களிலும் மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவியான சென்ட்ரிஃபியூஜை எடுத்துக்கொள்வோம். செய்முறைக் குறிப்பு 1000 ஜி என்கிறது. ரோட்டாரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) மையத்திலிருந்து குழாயின் அடிப்பகுதிவரை 10 செ.மீ. ஆரம் இருக்கிறது. ஒரு ஜி என்பது 9.80665 மீ/வி² (1901இல் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட நியம மதிப்பு இது). ஆகவே முடுக்கம் 9806.65 மீ/வி². அதை 0.10 மீட்டரால் வகுத்தால் 98,066.5, அதன் வர்க்கமூலம் 313.16. இதுதான் கோணத் திசைவேகம், அலகு ரேடியன்/வினாடி. இதனை 2π ஆல் வகுத்தால் வினாடிக்கு 49.84 சுற்றுகள், 60ஆல் பெருக்கினால் 2990 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்றுகள்).

உங்கள் கணிப்பான், விரிதாள், நிரல் எதுவாக இருந்தாலும் முதலில் இந்த எண்களை அதில் இட்டுப் பாருங்கள். 2990 வந்தால் கணக்கு முறை சரி. கோளாறு அளவீட்டில் இருக்கிறது என்று கொண்டு, நேரே இக்கட்டுரையின் பிற்பகுதிக்குச் செல்லலாம். வேறு எண் வந்தால் கீழ்க்காணும் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: 313, 49.8 அல்லது 18,790 என்று வருகிறது

313 வந்தால் கணக்கு பாதியில் நின்றிருக்கிறது. ரேடியன்/வினாடியை ஆர்பிஎம் என்று எழுதிவிட்டீர்கள். 9.549ஆல் (அதாவது 60 ÷ 2π) பெருக்கினால் முடிந்தது. 49.8 வந்தால் நிமிடமாக்கும் 60 விடுபட்டிருக்கிறது.

மூன்றாவதான 18,790தான் ஆபத்தானது. 60ஆல் பெருக்கிவிட்டு 2π ஆல் வகுக்க மறந்தால் இந்த எண் வரும். இது சரியான வேகத்தைப்போல் 6.28 மடங்கு. முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்த வேகத்தில் குழாய் உணரும் முடுக்கம் 1000 ஜியைப்போல் ஏறத்தாழ 39.5 மடங்காகிவிடும். தாளில் இது மதிப்பெண் இழப்போடு போய்விடும். ஆனால் கருவியில் இட்டால் குழாய் நொறுங்கலாம். கருவியே தடுக்காவிட்டால் ரோட்டாரும் அதன் தாங்குதிறனை மீறிச் சுழலும். 1998 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், அதிவேகச் சுழற்சியின் அழுத்தத்தைத் தாங்காமல் ஒரு ரோட்டார் உடைந்து, சென்ட்ரிஃபியூஜையும் அந்த அறையையும் சிதைத்தது. அதற்குக் காரணம் அலகுப் பிழை அன்று. எனினும் சுழலும் உலோகத்தில் எவ்வளவு ஆற்றல் தேங்கியிருக்கிறது என்பதை அது காட்டியது. கணக்கிட்ட எந்த எண்ணையும் கருவியில் இடுவதற்குமுன், ரோட்டாரின் மீது பொறிக்கப்பட்டுள்ள உச்ச வேகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

அறிகுறி: விடை சுமார் மூன்று மடங்கு கூடுகிறது அல்லது குறைகிறது

அதிகமாகக் குழப்புவது இந்த அறிகுறிதான், ஏனெனில் மூன்று வெவ்வேறு பிழைகள் ஏறக்குறைய ஒரே விகிதத்தைத் தருகின்றன. 9.80665இன் வர்க்கமூலம் 3.132. π இன் மதிப்பு 3.142. 10இன் வர்க்கமூலம் 3.162. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குதான். (முதல் இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளத்தையே நீள அலகாகக் கொள்ளலாம் என்று 17ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் முன்மொழிந்தனர். அப்படி வைத்திருந்தால் புவியீர்ப்பு முடுக்கம் மிகச் சரியாக π² ஆகவே அமைந்திருக்கும். இன்றைய மீட்டர் அந்த நீளத்துக்கு மிக அருகில் இருக்கிறது.)

ஆகவே இங்கே விடையை முழு எண்ணாக்கிவிட்டால் துப்புத் துலங்காது. குறைந்தது நான்கு இலக்கங்களையாவது வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

நமது உரைகல் கணக்கில் 955 வந்தால், ஜியை 9.80665ஆல் பெருக்கவில்லை, 1000 ஜியை 1000 மீ/வி² என்றே எடுத்துக்கொண்டீர்கள். இந்தப் பிழையில் கோணத் திசைவேகம் சரியாக 100 என்று அழகாக வந்து நிற்கும். அந்த அழகே பலரைச் சந்தேகிக்க விடுவதில்லை. 9365 வந்தால் எதிர்ப்புறப் பிழை: முடுக்கம் ஏற்கெனவே மீ/வி² இல் இருந்தும் மறுபடி 9.80665ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது. 9395 வந்தால், 2π ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 2ஆல் மட்டும் வகுத்து π ஐ விட்டுவிட்டீர்கள்.

946 அல்லது 9457 வந்தால் பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆய்வகங்களில் பலர் அடிப்படைச் சூத்திரத்தைப் பயன்படுத்தாமல், அலகு மாற்றங்கள் அனைத்தையும் ஒரே மாறிலிக்குள் அடக்கிய குறுக்குச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆரம் செ.மீ. ஆனால் மாறிலி 0.00001118; அதனை ஆரத்தாலும் ஆர்பிஎம்மின் வர்க்கத்தாலும் பெருக்கினால் ஜி கிடைக்கும். ஆரம் மி.மீ. ஆனால் மாறிலி பத்தில் ஒரு பங்கு, 0.000001118. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. செ.மீ. சூத்திரத்தில் மி.மீ. ஆரத்தை இட்டால் 946, மி.மீ. சூத்திரத்தில் செ.மீ. ஆரத்தை இட்டால் 9457. சுவரில் ஒட்டிவைத்திருக்கும் சூத்திரத்தில் ஆரத்தின் அலகு எழுதப்படவில்லை என்றால், இன்றே அதை எழுதிவையுங்கள்.

அறிகுறி: சரியாகப் பத்து மடங்கு குறைகிறது

அடிப்படைச் சூத்திரத்தில் 10 செ.மீ.யை 10 மீட்டர் என்று இட்டால் 299 வரும். ஆரம் 100 மடங்கு பெரிதாகிறது. வர்க்கமூலத்துக்குள் இருப்பதால் விடை 10 மடங்கு மட்டுமே சுருங்குகிறது. இதே காரணத்தால் 100 மி.மீ.யை 100 மீட்டர் என்று இட்டவருக்கு 1000 மடங்கு பிழை தோன்றாமல் 31.6 மடங்கு பிழைதான் தோன்றும், 94.6 என்ற எண் வரும். உள்ளே நேர்ந்த பிழையைவிட வெளியே தெரியும் பிழை எப்போதும் சிறியது என்பதை இந்தக் கணக்கு முழுவதிலும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் 299 வருவதற்கு இன்னொரு வழியும் உண்டு. முடுக்கத்தை ஆரத்தால் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது நேர்கோட்டு வேகம், இங்கே 31.3 மீ/வி. அதைக் கோணத் திசைவேகம் என்று நினைத்து 9.549ஆல் பெருக்கினாலும் அதே 299தான் வரும். நேர்கோட்டு வேகத்துக்கும் கோணத் திசைவேகத்துக்கும் உள்ள விகிதம் ஆரமேதான், ஆரம் 0.1 மீட்டராக இருப்பதால் இரண்டு பிழைகளும் ஒன்றுபோல் தெரிகின்றன. இந்த ஐயம் எழுந்தால் ஆரத்தை 8 செ.மீ. என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 3343. அலகுப் பிழையானால் 334 வரும். வேகங்களைக் குழப்பியிருந்தால் 267 வரும். இரண்டும் தனித்தனியே பிரிந்துவிடும்.

அறிகுறி: விடை 1.41 மடங்கு பிசகுகிறது

ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தை இட்டிருக்கிறீர்கள். 2990க்குப் பதில் 2115 வந்திருக்கும். ஒரு சுழல் தட்டையோ சக்கரத்தையோ அளக்கும்போது விட்டத்தை அளப்பதே எளிது என்பதால் இது அடிக்கடி நேர்கிறது.

தேர்வுக் கணக்குகளில் இதே விகிதம் வேறு வேடத்தில் வரும். கூம்பு ஊசலில் (நூலில் தொங்கும் குண்டு கிடைவட்டத்தில் சுற்றும் அமைப்பு) நூலின் நீளத்தையே ஆரமாகக் கொள்வது ஒரு பொதுவான பிழை. குண்டு சுற்றும் வட்டத்தின் ஆரம் நூலின் நீளம் அன்று. நீளத்தைச் சாய்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி வருவது. நூல் செங்குத்தோடு 30° சாய்ந்திருந்தால் உண்மையான ஆரம் நீளத்தில் பாதி. ஆகவே விடை 1.41 மடங்கு குறையும். சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் கொண்ட பொருட்காட்சி ராட்டினத்திலும், மேல்தட்டின் ஆரம் தனியே கூடும் என்பதைத் தவிர, இதே நிலைதான். புவியின் சுழற்சியைக் கணக்கிடும்போது 60° அகலக்கோட்டில் உள்ள ஓர் இடத்துக்குப் புவியின் முழு ஆரத்தை எடுத்தாலும் இதே 1.41தான் வரும், அந்த இடம் சுற்றிவரும் வட்டம் அச்சை மையமாகக் கொண்டது, புவி மையத்தை அன்று. சுழலும் பொருளிலிருந்து அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின் நீளம் மட்டுமே ஆரம்.

அறிகுறி: நம்பவே முடியாத பேரெண்

9,36,000ஐ ஒட்டிய எண் வந்தால் வர்க்கமூலம் எடுக்கவில்லை. எண்ணைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். சிறிய முடுக்கங்களில் மட்டும் இது ஒளிந்துகொள்ளும். முடுக்கத்தை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். வேகம் இரு மடங்கானால் சரி. நான்கு மடங்கானால் வர்க்கமூலம் விடுபட்டிருக்கிறது.

பெரிய ஆரங்களுக்கு உங்கள் முறை பொருந்துகிறதா என்று பார்க்க இன்னோர் உரைகல் உண்டு. 1975இல் நாசாவின் ஆதரவில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த கோடைகால ஆய்வில் வடிவமைக்கப்பட்ட ‘ஸ்டான்ஃபோர்டு டோரஸ்’ என்னும் விண்வெளிக் குடியிருப்பு, சுமார் 1.8 கி.மீ. விட்டமுள்ள வளையம், நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்று ஏறக்குறைய ஒரு ஜியைத் தருவதாகத் திட்டமிடப்பட்டது. ஒரு ஜியையும் 900 மீட்டரையும் இட்டால் 0.997 ஆர்பிஎம் வர வேண்டும்.

அறிகுறி: கணக்கு சரி, ஆனால் சென்ட்ரிஃபியூஜில் மாதிரி சரியாகப் பிரியவில்லை

இங்கே சந்தேகிக்க வேண்டியது ஆரத்தைத்தான். குழாயின் வாய் அச்சுக்கு அருகிலும் அடி தொலைவிலும் இருக்கிறது. ஒரே ரோட்டாரில் வாய்ப்பகுதியின் ஆரம் 5 செ.மீ., அடியின் ஆரம் 10 செ.மீ. என்றால், அடியில் 1000 ஜி இருக்கும்போது மேலே 500 ஜிதான் இருக்கும். செய்முறைக் குறிப்பு எந்த ஆரத்தைக் கருதுகிறது என்று தெரியாமல் சராசரி ஆரமான 7.5 செ.மீ.யை எடுத்தவருக்கு 2990க்குப் பதிலாக 3453 ஆர்பிஎம் வரும். அடிப்பகுதி 1333 ஜியை உணரும். குறிப்பில் வேறெதுவும் சொல்லப்படவில்லை என்றால் பெரும்பாலும் அதிகபட்ச ஆரத்தையே, அதாவது குழாயின் அடியையே, கருதியிருப்பார்கள்.

வாளிகள் ஊசலாடி விரியும் வகை ரோட்டாரில் இன்னொரு பிசகு நேர்கிறது. கருவி நிற்கும்போது வாளிகள் செங்குத்தாகத் தொங்கும். சுழலும்போது அவை கிடைநிலைக்கு விரிந்து, குழாயின் அடி அச்சிலிருந்து வெகுவாக விலகிச் செல்லும். நிற்கும் கருவியைத் திறந்து அளவுகோலால் அச்சிலிருந்து குழாய்வரை அளந்தால் ஆரம் குறைவாகவும், கணக்கிட்ட வேகம் கூடுதலாகவும் வரும். வாளியைக் கையால் கிடைநிலைக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும்.

ஆர்பிஎம், ஆர்சிஎஃப் (ஜி அளவில் தரப்படும் சார்பு மையவிலக்கு விசை) என இரண்டையும் காட்டும் கருவிகளில் ஆர்சிஎஃப் பொத்தானை மட்டும் நம்பியிருப்பவர்கள் ரோட்டாரை மாற்றிய நாளில் தடுமாறுவார்கள். சில கருவிகள் ரோட்டாரைத் தாமே அடையாளம் காணும்; மற்றவற்றில் ரோட்டாரின் எண்ணையோ ஆரத்தையோ நாமே உள்ளிட வேண்டும். கருவியின் நினைவில் 10 செ.மீ. ரோட்டார் இருக்க, உள்ளே 16 செ.மீ. ரோட்டார் பொருத்தப்பட்டிருந்தால், திரை 1000 ஜி என்று காட்டிக்கொண்டிருக்கும்போது மாதிரி 1600 ஜியில் சுழன்றுகொண்டிருக்கும். திரையில் உள்ள ஆர்பிஎம்மை எடுத்து, உண்மையான ஆரத்தோடு ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆய்வக ஏட்டில் ஆர்பிஎம்மை மட்டும் எழுதுவதை நான் கடுமையாக எதிர்ப்பவன். ரோட்டார் மாறிய பிறகு அந்த எண்ணைக் கொண்டு யாராலும் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. ஜியையும் ஆரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அறிகுறி: கைபேசியால் அளந்தால் வேகம் ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது

கைபேசியின் முடுக்கமானியைக் கொண்டு இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி இதற்கு மிகவும் ஏற்றது. 33⅓ ஆர்பிஎம்மில் சுழலும் இசைத்தட்டுக் கருவியின் தட்டில், அச்சிலிருந்து 10 செ.மீ. தொலைவில் உணரி அமையுமாறு கைபேசியைப் படுக்கவைத்து ஒட்டினால், முடுக்கம் 1.22 மீ/வி² என்று வர வேண்டும்.

ஆனால் செயலி தரும் மொத்த முடுக்கத்தை எடுத்தவருக்கு 9.88 என்று வரும். அதிலிருந்து 95 ஆர்பிஎம் என்ற விடை கிடைக்கும். தட்டை நிறுத்திவிட்டாலும் அந்த விடை 95ஐ ஒட்டியே நிற்கும். புவியீர்ப்பைத் தாங்கி நிற்கும் மேசையின் எதிர்விசையையும் முடுக்கமானி 9.8 மீ/வி² என்று பதிவுசெய்வதே காரணம். கைபேசி படுத்திருந்தால் இது திரைக்குச் செங்குத்தான அச்சில் மட்டும் விழும். ஆகவே அந்த அச்சை விட்டுவிட்டு, மற்ற இரண்டு அச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். தட்டு வேகமெடுக்கும்போதும் நிற்கப்போகும்போதும் தொடுகோட்டு முடுக்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதால், வேகம் நிலைத்த பிறகு வரும் அளவீடுகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

அளவீடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஏறி இறங்கினால் தட்டு மட்டமாக இல்லை. ஒரே ஒரு பாகை சாய்வு போதும், புவியீர்ப்பின் 0.17 மீ/வி² அளவிலான கூறு ஒரு பாதிச் சுற்றில் கூடும், மறு பாதியில் குறையும். கணக்கிட்ட வேகம் 30.9க்கும் 35.6க்கும் இடையே ஊசலாடும். அட்டையை மடித்து இசைத்தட்டுக் கருவியின் கீழ் வைத்து மட்டம் பாருங்கள். முடியாவிட்டால் ஆரத்தின் திசையில் உள்ள அச்சின் அளவீட்டை முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்து, அதன் பின்னரே வர்க்கமூலம் எடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் விடை சில சதவீதம் பிசகினால், உணரி கைபேசியின் நடுவில் இல்லை என்று கொள்ளலாம். கைபேசிக்குள் அந்தச் சிறு சில்லு எந்த மூலையில் இருக்கிறது என்று தேடவே தேவையில்லை. ஓரிடத்தில் அளந்துவிட்டு, கைபேசியை ஆரத்தின் வழியே 4 செ.மீ. வெளியே நகர்த்தி மறுபடி அளங்கள். முடுக்கங்களின் வேறுபாட்டை நகர்த்திய தொலைவால் வகுத்தால் கோணத் திசைவேகத்தின் வர்க்கம் நேரே கிடைத்துவிடும். முதலில் 1.10, பிறகு 1.59 என்று வந்ததாகக் கொண்டால், வேறுபாடு 0.49, 0.04ஆல் வகுக்க 12.25, வர்க்கமூலம் 3.5 ரேடியன்/வினாடி, அதாவது 33.4 ஆர்பிஎம். ஆரம் எவ்வளவு என்று தெரியாமலே வேகம் தெரிந்துவிட்டது. உணரியின் பூச்சியத்தில் நிலையான ஒரு பிசகு இருந்தால், கழித்தலில் அதுவும் நீங்கிவிடும். கைபேசியில் கைரோஸ்கோப் என்னும் சுழற்சி உணரி இருந்தால் அது கோணத் திசைவேகத்தை நேரடியாகவே காட்டும், இரண்டையும் ஒப்பிடலாம்.

அறிகுறி: அளந்த வேகம் கணக்கிட்டதில் சரியாகப் பாதி, அல்லது இரு மடங்கு

மேலே கண்ட கணக்குப் பிழைகள் 1.41, 3.13, 6.28 போன்ற பின்ன விகிதங்களையோ, சரியாகப் பத்து, அறுபது ஆகியவற்றையோதான் தந்தன. விகிதம் 2, 3 என்று துல்லியமான முழு எண்ணாக இருந்தால், கணக்கைவிட அளக்கும் முறையையே முதலில் பாருங்கள். ஒளியால் அளக்கும் டக்கோமீட்டர், சுழலும் பகுதியில் ஒட்டிய பளபளப்பான பட்டை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுகிறது. பளபளக்கும் திருகாணி ஒன்று எதிர்ப்புறத்தில் இருந்தால் அதையும் சேர்த்து எண்ணி இரு மடங்கு காட்டும். அதைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். விட்டுவிட்டு ஒளிரும் ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கில் இதற்கு நேர்மாறு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒளிர்ந்தாலும் அடையாளப் புள்ளி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அதனால் பாதி வேகத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்ள நேரும். ஒளிரும் வேகத்தை உயர்ந்த அளவிலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, புள்ளி ஒன்றே ஒன்றாக, அசையாமல் முதன்முதலில் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே இரண்டு புள்ளிகள் எதிரெதிரே தெரிந்தால் அது இரு மடங்கு வேகம். இன்னும் கீழே இறங்க வேண்டும்.